மூலையில் மூன்று எண்கள்

அந்த ஸ்டுடியோவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லாருக்கும் அவர் கலர். “கலர் பாத்துட்டாரா?” என்பதுதான் அங்கே கடைசிக் கேள்வி. பார்த்துவிட்டார் என்றால் படம் வெளியே போகும். பார்க்கவில்லை என்றால் வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்று கத்தினாலும் போகாது. மனித முகத்தின் நிறத்தை அவரைப் போலக் கொண்டுவர ஆள் கிடையாது என்று முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட கலருக்குச் சிவப்பு தெரியாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறவியிலேயே அப்படி. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான், காய்ந்த இலை மாதிரி ஒரு பழுப்பு. தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் பழமா காயா என்று சொல்வார். கல்யாணமான புதிதில் மனைவி நல்ல சிவப்பில் ஓர் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நிற்க, “இந்தப் பச்சை உனக்கு ரொம்ப எடுப்பா இருக்கு” என்று மனதாரப் பாராட்டினார். அந்த அம்மாள் கெட்டிக்காரி. கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் காட்டி, இது என்ன கலர், அது என்ன கலர் என்று கேட்டுக் கேட்டு விஷயத்தை முழுசாகக் கறந்துவிட்டாள்.

“கடவுளே! இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா போட்டோவுக்குக் கலர் பண்றீங்க?”

“கண்ணை வெச்சுக்கிட்டு யாரு பண்றா? நம்பரை வெச்சுக்கிட்டுப் பண்றேன்.”

அதுதான் ரகசியம். அவர் வேலை செய்யும் பழைய சாஃப்ட்வேரில், படத்தின் எந்த இடத்தில் அம்புக்குறியை வைத்தாலும் திரையின் மூலையில் மூன்று எண்கள் தெரியும். அந்தப் புள்ளியில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அவை சொல்லும். ஆரோக்கியமான முகம் என்றால் சிவப்பு முன்னால் நிற்க வேண்டும். பச்சை கொஞ்சம் பின்னால். நீலம் இன்னும் பின்னால். எந்த வெளிச்சத்தில் எவ்வளவு பின்னால் என்பதில்தான் வித்தை இருக்கிறது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த முகம் நல்லா இருக்கு, இது காமாலை வந்த மாதிரி இருக்கு, இவன் குளிர்ல வெறைச்சுப் போயிருக்கான்” என்று சொல்லச் சொல்ல, அவர் அந்தந்த எண்களை மண்டைக்குள் ஏற்றிக்கொண்டார். மற்ற புதுத் தம்பதிகள் சினிமாவுக்குப் போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் ஊரார் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணு என்னுது, பேரு உங்களுக்கு” என்பாள் அவள். அதில் பாதி உண்மை இருந்தது.

வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் வெள்ளந்தியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “சமையல்காரனுக்கு நாக்கு இல்லையாம், கேட்டீங்களா?” என்று அங்கிருந்த மானேஜர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அந்த வாரமே வேலை போயிற்று. அன்றோடு வாயைத் தைத்துக்கொண்டார். மனைவியின் சொந்தத் தம்பி இதே ஸ்டுடியோவில் போட்டோகிராபர். அவனுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யார் கண் பட்டதோ, புது சாஃப்ட்வேர் வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவன் அந்த மச்சினன்தான். ரா படங்களைத் திருத்துவதற்கென்றே ஒரு கம்பெனி புதிதாகச் செய்திருக்கிறதாம். ரா என்றால், கேமரா கண்டதைச் சமைக்காமல் கொள்ளாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. அதைப் பக்குவம் பண்ணினால்தான் நாம் பார்க்கிற படம் ஆகும். கடைக்கு வருவதற்கு முன்னால் சில ஸ்டுடியோக்களுக்கு மட்டும் அதைக் கொடுத்து, பயன்படுத்திப் பார்த்ததும் என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார்கள். வாரக் கடைசியில் எல்லாரையும் திரையில் கூட்டி வைத்துக் கருத்துச் சொல்லச் சொல்வார்கள். மச்சினன் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஸ்டுடியோவையும் அதில் நுழைத்துவிட்டான்.

“மாமா, இங்க வாங்க, இதைப் பாருங்க” என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

இருட்டு மண்டபத்தில் எடுத்த படம் ஒன்று. பின்வரிசையில் ஓர் ஆள் நிற்கிறார் என்று ஊகிக்கத்தான் முடியும். மச்சினன் நிழலைத் திறக்கும் பட்டையை மெல்ல இழுத்தான். அந்த ஆள் இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். பழையதில் இப்படி இழுத்தால் ரவை கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். இதில் புருவ மயிர் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சமும் இருட்டும் கலருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பிடிபடும். அவர் அசந்துபோனார்.

“அடேங்கப்பா! எந்தப் புண்ணியவான்டா செஞ்சது?”

“சொன்னேன்ல?” என்று மச்சினன் தானே செய்த மாதிரி நெளிந்தான்.

பழக்க தோஷம், கலரின் பார்வை மூலைக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. அடுத்த மூலையில் தேடினார். அங்கேயும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“நம்பர் எங்கடா?”

“அதைத் தூக்கிட்டாங்க மாமா. திரை சுத்தமா இருக்கணுமாம். தொறக்கும்போதே என்ன போட்டிருக்கான் பாருங்க.” மூடித் திறந்து காட்டினான். ‘உங்கள் கண்ணை நம்புங்கள்’ என்று பெரிய எழுத்தில் வந்து போயிற்று.

கலர் அதைப் படித்தார். நம்பலாம், நல்ல கண்ணாக இருந்தால் நம்பலாம்தான். அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “ம்ம், நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

சோதித்துப் பார்க்கிறவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருந்தது. அதில் வந்து விழுந்த கருத்துகளை மச்சினன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே இருந்தான். ஒருவர் முதல் படத்தைத் திறந்ததுமே கண் கலங்கிவிட்டதாம். இன்னொருவருக்குப் பொத்தான்களெல்லாம் பிஸ்கட் மாதிரி இருக்கிறதாம், கடிக்கத் தோன்றுகிறதாம். ஓர் அம்மாள், தன் கம்ப்யூட்டர் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்துகிறது என்று திட்டியிருந்தார். பெரிய ஸ்டுடியோ ஒன்றின் சொந்தக்காரர், தாடியைத் தடவிக்கொண்டே பேசுகிறவர், குரல் பதிவே போட்டிருந்தார்: “நம்பரை எடுத்தது ரொம்ப நல்ல காரியம். நம்பரைப் பாத்து கலர் பண்றவன்லாம் கணக்கெழுதப் போகலாம், நமக்கு எதுக்கு?” அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்திருந்தன.

மச்சினனும் ஒரு பொம்மை போட்டான். கலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாலைக்குள் முதலாளியம்மாவும் முடிவெடுத்துவிட்டார். அவருக்கு எதுவும் சட்டுபுட்டென்று நடக்க வேண்டும். “ஒரு நாள் வேலையை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்குது. அப்புறம் என்ன யோசனை? வர்ற மாசத்துலேருந்து எல்லாம் இதுலதான். பழசைத் தூக்கிடலாம். கலர், என்ன சொல்றீங்க?”

“பாக்கலாம்மா” என்றார் கலர்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மனைவி விஷயத்தைக் கேட்டாள்.

“சொல்லிடுங்களேன். கழுத்தையா சீவிடுவாங்க?”

“ஒரு தடவை சொல்லித்தானே வேலை போச்சு?”

“அப்போ நீங்க புதுசு. இப்ப உங்க கை அவங்களுக்குத் தெரியும்.”

“கையைத் தெரியும். கண்ணைத் தெரியாது.” தட்டைத் தள்ளினார். “நான் விடப்போறதில்ல. அந்த நம்பர் எங்கேயாவது இருக்கும். இல்லாமப் படம் எப்படி வரும்? அதைத் தோண்டி எடுத்துடறேன்.”

தோண்டினார். மறுநாள் காலையில் ஒரு வழியும் அகப்பட்டது. புது சாஃப்ட்வேரில் படத்தைத் திருத்துவது. ஒரு நகல் எடுத்துப் பழைய சாஃப்ட்வேரில் திறப்பது. அங்கே மூலையில் எண்களைப் பார்ப்பது. திரும்பப் புதியதற்கு வந்து கூட்டுவது, குறைப்பது. சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலைதான். இருந்தாலும் மூக்கு கைக்கு எட்டுகிறதே!

கைவசம் இருந்தது ஒரு கம்பெனி இயக்குநர்களின் படங்கள். ஆண்டறிக்கையில் போடுவதற்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்திருந்தார்கள். கலர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பழையதில் திறந்தால் எல்லா முகத்திலும் சிவப்பு போதாமல் இருந்தது. புதுசு கொஞ்சம் சோகையாகத்தான் காட்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சிவப்பைத் தூக்கினார். மறுபடி பார்த்தார். இன்னும் போதவில்லை. இன்னும் தூக்கினார். வழக்கமான எண்கள் வந்து நின்ற பிறகுதான் மூச்சு விட்டார். எல்லா இயக்குநர்களையும் இப்படியே முடித்து முதலாளியம்மாவின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது முதலாளியம்மாவின் அறையில் கூட்டம்.

“இது என்னய்யா கூத்து?” அவர் குரல் படியிலேயே கேட்டது. “இயக்குநர் குழுவா இது? எல்லாரும் விடிய விடிய ஊத்திக்கிட்டு நேரா போட்டோவுக்கு வந்து நின்ன மாதிரி இருக்காங்க! இந்தத் தலைவரைப் பாரு, அடுப்புலேருந்து எடுத்த மாதிரி!”

கலர் எட்டிப் பார்த்தார். நல்ல முகங்கள்தான், அவருக்குத் தெரிந்த வரையில். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

“கலர் பண்ணியா இப்படி வந்திருக்கு?” என்றார் முதலாளியம்மா நம்பாமல். கலர் வாய் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

“மாமா பண்ணினா இப்படி வருமா? இது சாஃப்ட்வேர்ல கோளாறு! சிவப்பைத் தூக்கலாக் காட்டுது. ஒருத்தருமே கண்டுபிடிக்காததை நாம கண்டுபிடிச்சிருக்கோம்!” அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் இந்தப் படங்களைப் போட்டுக் காட்டறேன். நாறடிச்சுடலாம்.”

“காட்டு. காட்டிட்டு அந்தச் சனியனை மூட்டை கட்டி அனுப்பு” என்றார் முதலாளியம்மா. “முகத்தைக் கெடுக்கற சாஃப்ட்வேர் எனக்கு எதுக்கு? நமக்குப் பழசே போதும்.”

கலர் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். பழசே போதுமாம்! நேற்று ராத்திரி எதற்காகத் தூக்கம் கெட்டாரோ அது தானாக மடியில் வந்து விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அது அவருக்குக் கைவந்த கலை.

ஆனால் தொழில்காரன் மனசு சும்மா இருக்குமா? எங்கே தப்பிற்று என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. நகல் எடுக்கும் இடத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாலாவது வரியில் இருந்தது வினை. புது சாஃப்ட்வேர் நகல் எடுக்கும்போது நிறங்களை ரொம்ப அகலமான அளவுகோலில் அளந்து எழுதுகிறது. அச்சுக்கும் ஃபோனுக்கும் போகிற படங்கள் சின்ன அளவுகோலில் அளந்தவை. கலரின் மனப்பாடமெல்லாம் அந்தச் சின்னதில்தான். அங்குல டேப்பில் அளந்ததை சென்டிமீட்டர் என்று நினைத்துத் துணியை வெட்டின மாதிரி ஆகிவிட்டது. முகத்தில் சிவப்பு போதுமான அளவு இருந்திருக்கிறது. எண்தான் குறைவாகக் காட்டியிருக்கிறது. கண் உள்ளவன் எவனும் திரையைப் பார்த்த மாத்திரத்தில் கையை எடுத்திருப்பான். எண்ணை மட்டும் நம்புகிறவன்தான் இப்படி விழுவான்.

சாஃப்ட்வேரில் ஒரு கோளாறும் இல்லை.

அதற்குள் மச்சினன் குழுவில் செய்தியைப் போட்டிருந்தான். “எங்களுக்கு அப்படி வரலையே?” என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தாடிக்காரர், “நாளைக்குக் காட்டுங்க தம்பி, பாக்கலாம்” என்று எழுதியிருந்தார். அதில் ஏளனம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் கோப்பைத் திறந்து பார்த்தால் எவ்வளவு சிவப்பை யார் கையால் ஏற்றினார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்துகொண்டு நிற்பான். மாமா பண்ணினா இப்படி வருமா என்று சொன்ன பிள்ளை.

அதுவும் போகட்டும். இன்றைக்கு இதில் தப்பித்தால் நாளைக்கு இன்னொரு சாஃப்ட்வேர் வரும். அதிலும் எண் இருக்காது. வேண்டியவன் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் எவன் கொண்டுவந்து வைப்பான்? எத்தனை தடவை ஒளிவது? கலருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வழியில் மச்சினனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“அது கோளாறு இல்லம்மா. நான்தான் பண்ணினேன்.”

“என்ன பண்ணினீங்க?”

“எனக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் தெரியாது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நம்பரைப் பாத்துத்தான் இத்தனை வருஷமும் வேலை செஞ்சேன். இதுல நம்பர் இல்ல. சுத்தி வளைச்சுப் பாத்தேன், சறுக்கிடுச்சு.”

முதலாளியம்மா மேஜைமேல் இருந்த பேனா மூடியை எடுத்து நீட்டினார். “இது என்ன கலர்?”

“தெரியாதும்மா.”

“இது?”

“அதுவும் தெரியாது.”

“மாமா, என் சட்டை என்ன கலர்?” என்றான் மச்சினன்.

“உங்கக்கா கேட்டதே போதும்டா, நீயும் ஆரம்பிக்காத.”

“அக்காவுக்குத் தெரியுமா?” அவன் முகம் சுண்டிப் போயிற்று. “என்கிட்ட மட்டும் யாரும் சொல்லல, என்ன? நான் என்ன, ஊர் பூரா டமாரம் அடிக்கிறவனா?”

அடிக்கிறவன்தான். இருந்தாலும் அந்த நேரத்தில் அதை யாரும் சொல்லவில்லை.

முதலாளியம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் கத்துவார். இப்போது கத்தவில்லை, அதுதான் கலருக்குப் பயமாக இருந்தது.

“சிவப்பு தெரியலைங்கறது எனக்குப் பெரிசில்ல” என்றார். “என்கிட்டச் சொல்லத் தோணலையே, அதுதான் சுடுது. இவர் கண்ணு மாதிரி வராதுன்னு ஊர் பூரா பேசிட்டு வந்திருக்கேன். என்னை என்ன முட்டாள்னு நெனைச்சீங்களா?”

“இல்லம்மா.” கலர் நிமிர்ந்துதான் நின்றார். “நீங்க பேசினது பொய்யில்ல. அது என் கண்ணு செஞ்ச வேலை இல்லம்மா. நான் செஞ்ச வேலை.”

முதலாளியம்மா மூக்கைச் சிந்திவிட்டுப் பழைய குரலுக்கு வந்தார்.

“சரி, கேளுங்க. சாஃப்ட்வேர்ல கோளாறு இல்லைன்னா எனக்கு அது வேணும். நீங்களும் வேணும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா அந்த நம்பர் வரணும். நாளைக்கு மீட்டிங்ல பேசி வாங்குங்க. வரலைன்னா முகமெல்லாம் உங்க மச்சானுக்குப் போயிடும். நீங்க கட்டடம், கார், சோப்பு டப்பா, இதைப் பாத்துக்கோங்க. மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நான் கடை நடத்தறவ.”

சோப்பு டப்பா! கலர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். மச்சினன் பின்னாலேயே வந்து, குழுவில் போட்ட செய்தியை அழித்தான். தாடிக்காரர் அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்.

“போடட்டும்” என்றார் கலர். “நம்பர் இல்லாம நான் நாளைக்கு மீட்டிங்லேருந்து எழுந்திரிக்க மாட்டேன்.”

மறுநாள் மூவரும் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தார்கள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள். நடுக் கட்டத்தில் கம்பெனிப் பெண். சாஃப்ட்வேரின் முகப்பைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். சுறுசுறுப்பாக, பணிவாகப் பேசினாள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வேகம் பிரமாதம். விசிறி சத்தம் தாங்கவில்லை. பொத்தான் சின்னதாக இருக்கிறது. கலரின் முறை வந்தது.

“நிழலைத் திறக்கறது இருக்கே, கையெடுத்துக் கும்பிடணும்” என்று ஆரம்பித்தார். “ஆனா மூலையில நம்பர் வேணும். சிவப்பு, பச்சை, நீலம், மூணும்.”

“அதை எடுத்தது எல்லாருக்கும் பிடிச்சிருக்கே சார்?” என்றாள் அவள். “வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேக்கல.”

“நான் கேக்கறேன்.”

“எதுக்குன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும் சார். எங்க டிசைன் தலைவர் காரணம் கேப்பார்.”

“கணக்குப் பாடம் நடத்தப் போறார் போல!” என்றார் தாடிக்காரர். கட்டங்களில் பல்வரிசைகள் தெரிந்தன.

அறைக்குள் இரண்டு பேரிடம் சொல்வது வேறு. இது தொழிலில் உள்ள அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும் சபை. “அப்புறம் சொல்றேன்மா” என்று மைக்கை அணைத்தார். மச்சினன் அவரைப் பார்த்தான். முதலாளியம்மா வேறெங்கோ பார்த்தார். கலர் விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் போகிற மாதிரி ஒரு செய்தி தட்டினார். ‘எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. நம்பர் இருந்தால்தான் என்னால் வேலை செய்ய முடியும்.’

திரையில் அவள் குனிந்து படிப்பது தெரிந்தது. வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது. ‘மன்னிக்கணும் சார், நாங்க இதை யோசிக்கவே இல்லை. உள்ளே நம்பர் இருக்கிறது, மறைத்துத்தான் வைத்திருக்கிறோம். உங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று செய்து அனுப்புகிறேன். நாளைக்கே தருகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம், கவலைப்படாதீங்க.’

“வாங்கிட்டீங்க மாமா!” என்று மச்சினன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். முதலாளியம்மா நெஞ்சில் கை வைத்துப் பெரிதாக மூச்சு விட்டார். “முகமெல்லாம் உங்களுக்கேதான். போங்க, போய் அந்த இயக்குநர்களுக்குப் போதை தெளிய வைங்க.”

எல்லாம் முடிந்த மாதிரிதான். ஆனால் கலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரிய வேண்டாம். நல்ல மனசோடு எழுதியதுதான், அவள்மேல் குறையே இல்லை. ஆனாலும் இது திரும்ப அதே மூலைதான். திரையில் இத்தனை கட்டங்கள். இதில் எத்தனை பேர் சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு, அவரைப் போலவே வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ! அந்த மானேஜர் சிரித்த அன்று கலருக்கு எவ்வளவு சின்ன வயது! அன்றைக்கு யாராவது ஒருத்தர், ஆமாம்ப்பா, எனக்கும் அப்படித்தான் என்று சத்தமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு வருஷம் இப்படிப் பதுங்கியிருக்க வேண்டியதில்லை.

மைக்கைத் திறந்தார்.

“அம்மா, ஒரு நிமிஷம். எனக்கு மட்டும் வேண்டாம்.”

“சார்?”

“தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம். எல்லாருக்கும் வர்றதுல வைங்க. யாரு வேணாலும் பாக்கற இடத்துல வைங்க. பிடிக்காதவங்க மறைச்சுக்கட்டும்.”

“சார், அதுக்கு டிசைன் தலைவர் சம்மதிக்கணும். காரணத்தை எழுத்துல வெக்கணும். எல்லாரும் படிப்பாங்க.” அவள் தயங்கினாள். “நான் எழுதலாமா?”

“இப்பவே எழுதுங்க. நான் சொல்றேன்.”

தாடிக்காரர் தாடியில் வைத்த கையை எடுக்கவில்லை. மச்சினன் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குச் சிவப்பு தெரியாது” என்றார் கலர், ஒவ்வொரு வார்த்தையாக, எழுதுகிறவளுக்குத் தோதாக. “பச்சையும் தெரியாது. முகத்துக்குக் கலர் பண்றதுதான் என் தொழில். நல்லாவே பண்றேன். நம்பரைப் பாத்துப் பண்றேன். என்னை மாதிரி இன்னும் ஆளுங்க இருக்காங்க, வெளியில சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கும் சேத்துக் கேக்கறேன். எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன் சார்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இதை வெச்சு நான் சண்டை போட்டு வாங்கிடறேன்.”

“நல்லது” என்று கலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இப்ப ரெண்டாவது குறைக்கு வர்றேன்.”